பாறையின் வயது வேறு, தரையின் வயது வேறு

வேலூரில் வளர்ந்தவர்களுக்குக் கல்லை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோட்டை மதில் கல், கோயில் மண்டபம் கல், ஊருக்குக் கிழக்கே வரிசையாக நிற்கும் மலைகளும் கல். அக்னி நட்சத்திர நாட்களில் பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்த மலைகள் இரவு வெகுநேரம்வரை திருப்பித் தந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, சராசரி வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் செவ்வாயின் நிலத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் மலைகளைப் பற்றி நெடுநாளாக எனக்குள் இருந்த ஒரு கேள்விக்குச் செவ்வாயின் நிலப்படங்களைப் பார்த்த பிறகுதான் விடை தெளிந்தது. இவ்வளவு பழைய பாறையில் அந்தப் பழங்காலத்தின் முகம் ஏன் கொஞ்சமும் மிஞ்சவில்லை என்பதே அந்தக் கேள்வி.

முதலில் எங்கள் கல். குவாரியில் அப்போதுதான் சம்மட்டியால் உடைத்த ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் பழுப்பேறிச் சொரசொரப்பாக இருக்கும். நகத்தால் கீறினால் சில இடங்களில் பொடியாக உதிரும். அந்தப் பழுப்பு பெரும்பாலும் விரல் பருமன்கூட உள்ளே போயிருக்காது. அதற்குள்ளே கருநீலம் கலந்த சாம்பல் நிறமும் எண்ணெய்ப் பசை போன்ற மினுமினுப்பும் தெரியும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் குவார்ட்ஸ் மணிகள் லேசாக நீலம் காட்டும். ஜல்லிக்குப் போகும்போது இது வெறும் கருங்கல். புவியியல் நூல்களில் சார்னோக்கைட். வேலூரைச் சுற்றிய குன்றுகளிலும் ஜவ்வாது மலையிலும் இதுவும் நைஸ் வகைப் பாறைகளுமே பெரும்பகுதி. இவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பிறந்த இடமோ நிலத்துக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில்.

இந்தக் கடைசி விவரத்தை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். நாம் இன்று ஏறி நிற்கும் பாறைக்கு மேலே ஒருகாலத்தில் 20 கிலோமீட்டர் தடிமனுக்கு வேறு பாறை இருந்திருக்கிறது. நிலத்தட்டுகள் முட்டி உயர்த்தியதை மழையும் ஆறும் காற்றும் வேரும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அறுத்து எடுத்துக் கடலில் சேர்த்துவிட்டன. பாறைதான் பழையது, அதன் மேல்முகம் புதியது. நம் காலுக்குக் கீழே இருப்பது மிகப் பழைய வீட்டின் அடித்தளம் மட்டுமே. அதன்மேல் இருந்த தரை, அதில் ஓடிய ஆறு, அதில் விழுந்த விண்கற்களின் பள்ளங்கள் எல்லாம் தடமில்லாமல் போய்விட்டன.

செவ்வாயில் நிலைமை நேர் எதிர். அங்கே ஏறக்குறைய பாதி நிலப்பரப்பில் பாறையின் வயதும் தரையின் வயதும் ஏறக்குறைய ஒன்றே. 370 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தரை, அன்று வாங்கிய அடிகளோடு அப்படியே விரிந்து கிடக்கிறது. பூமியின் விட்டத்தில் பாதி, எடையில் பத்தில் ஒரு பங்கு என்பதால் செவ்வாய் தன் உள்வெப்பத்தைச் சீக்கிரம் இழந்தது. நகரும் நிலத்தட்டுகள் அங்கே உருவாகி நிலைக்கவில்லை. ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன்போ அதற்குச் சற்றுப் பிறகோ அதன் காந்தப்புலம் அணைந்தது. காற்று மெலிந்தது, மழை நின்றது. அரிப்பதற்கு ஆள் இல்லாமல் போனது.

செவ்வாயின் உயர வரைபடத்தைப் பார்த்ததும் அந்தக் கிரகம் இரண்டு துண்டாகத் தெரிகிறது. மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற விண்கலம் லேசர் கதிரைத் தரைக்கு அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு உயரங்களை அளந்தது. முழுக்கோளப் படம் 1999-ல் வெளியானது. தெற்கு முழுவதும் மேட்டு நிலம், மோதல் பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. வடக்கே கிரகத்தின் மூன்றில் ஒரு பங்கு, சராசரியாக 5 கிலோமீட்டர் தாழ்ந்து கிடக்கும் வழவழப்பான சமவெளி. மேலோடும் தெற்கில் தடித்து, வடக்கில் மெலிந்திருக்கிறது. ஏன் இப்படி என்பதற்கு இன்னும் முடிவான பதில் இல்லை. கிரகம் பிறந்த சூட்டிலேயே ஒரு பெரும்பொருள் வடக்கில் மோதியது என்பது ஒரு விளக்கம். உள்ளே கொதித்துப் புரண்ட குழம்பின் ஒழுங்கற்ற ஓட்டம் ஒருபக்க மேலோட்டை மெலித்தது என்பது மற்றொன்று. 2008-ல் வெளியான ஆய்வில், பின்னாளில் மேலே படிந்த எரிமலைப் பாறைகளைக் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தபோது, தாழ்நிலத்தின் எல்லை சுமார் 10,600 கிலோமீட்டர் நீளமும் 8,500 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு நீள்வட்டமாக வந்தது. என் மனம் மோதல் பக்கமே சாய்கிறது. உள்ளோட்டம் மட்டுமே இவ்வளவு சீரான ஓரத்தை வரைந்திருக்கும் என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது.

எந்தத் தரைக்கு என்ன வயது என்று தொலைவிலிருந்து எப்படிச் சொல்கிறார்கள்? பள்ளங்களை எண்ணித்தான். தூறல் விழும்போது மணலில் புள்ளிகள் கூடிக்கொண்டே போகுமே, அதைப்போல விண்கல் விழுந்த பள்ளங்கள் நாளாக நாளாகக் கூடும். பள்ளங்கள் நெருக்கமாக இருந்தால் பழைய தரை, குறைவாக இருந்தால் அண்மையில் எரிமலைக் குழம்போ வண்டலோ மூடிய தரை. எத்தனை பள்ளத்துக்கு எத்தனை ஆண்டு என்ற அளவுகோலைத் தந்தது சந்திரன். அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த கற்களின் வயதை ஆய்வகத்தில் கண்டு, அவை எடுக்கப்பட்ட தரையின் பள்ளக் கணக்கோடு பொருத்தி, அதைச் செவ்வாய்க்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள். செவ்வாயின் வயதுகள் எல்லாம் பெரும்பாலும் இப்படி இரவல் வாங்கிய அளவுகோலில் நிற்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வடக்குச் சமவெளி வழவழப்பாக இருப்பதால் அது இளைய நிலம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அதே லேசர் அளவீட்டில், கண்ணுக்குத் தெரியாத மங்கலான வட்டத் தாழ்வுகள் அங்கே ஏராளமாகத் தெரிந்தன. வண்டலுக்கும் எரிமலைக் குழம்புக்கும் அடியில் புதைந்த பழைய பள்ளங்கள் அவை. மூடிய போர்வை மட்டுமே இளையது.

தெற்கில் ஹெல்லாஸ் என்ற பெரும்பள்ளம் இருக்கிறது. குறுக்கே 2,300 கிலோமீட்டர். அடித்தளம் கிரகத்தின் சராசரி மட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர் கீழே. இந்தியாவின் வடக்கு தெற்கு நீளம் 3,200 கிலோமீட்டர் என்பதை வைத்து அதன் அகலத்தை ஊகித்துக்கொள்ளலாம். பூமியும் தன் இளமையில் இதற்கு நிகரான அடிகளை வாங்கியிருக்க வேண்டும். ஆனால் காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை.

இனி நீருக்கு வருகிறேன். வட ஆர்க்காட்டுக்காரனுக்கு மனம் போய் நிற்கும் இடம் அதுதான். எங்கள் பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு வழியாகக் கடலுக்குப் போகும் 348 கிலோமீட்டர் ஆற்றில் தண்ணீரைப் பார்த்திராமலே பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள். பாலாறு மணலுக்கு அடியில் ஓடுகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் படுகையில் ஊற்றுத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். மேலே வெந்த மணல். அதற்குக் கீழே சற்று நிறம் மாறிய ஈரமணல். நடுவில் ஒரு விரற்கடை அளவுக்குக் களிப் பட்டை, அமைதியாக நின்ற நீர் விட்டுப்போனது. மறுபடியும் பருமணல், அதில் கூழாங்கற்கள். கூழாங்கல்லின் விளிம்பைத் தடவினால் ஒரு முனைகூடக் குத்தாது. மலையில் உடைந்தபோது கூராக இருந்த கல் அது. உருட்டிக்கொண்டு வந்தது நீர். காற்றால் அந்த அளவுக் கல்லைத் தூக்கி உருட்ட முடியாது. ஆற்றில் நீர் இல்லாவிட்டாலும் கூழாங்கல் சாட்சி சொல்லும். அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளி விற்றுவிட்டார்கள். போனது மணல் மட்டுமல்ல, ஆறு எழுதிவைத்த கணக்கும் சேர்ந்தே போனது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி கேல் என்ற பள்ளத்தில் இறங்கியது. அடுத்த மாதமே அது அனுப்பிய படங்களில் ஒரு பாறைத் திட்டு தெரிந்தது. சிமென்ட் பெயர்ந்த தளம் மாதிரி சாய்ந்து கிடந்த அந்தத் திட்டில் வட்டம் வட்டமாகக் கூழாங்கற்கள் பதிந்திருந்தன. மிகப் பெரியது நான்கு சென்டிமீட்டர் அளவு. கற்களின் பருமனையும் உருட்சியையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். கணுக்கால் முதல் இடுப்பு வரையிலான ஆழத்தில், நடந்துபோகும் வேகத்தில் ஓடிய ஓடை. ஓடி முடித்து 300 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு விளக்கக் குறிப்பு தேவைப்படவில்லை. கானாற்றங்கரையில் நடந்து பழகிய யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

மறு ஆண்டு பிப்ரவரியில் அதே ஊர்தி முதல்முறையாகப் பாறையைத் துளையிட்டது. துளை சுண்டுவிரல் பருமன், ஆழம் ஆறு சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். வெளியே வந்த பொடி சாம்பல் நிறம். செந்நிறக் கிரகம் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவந்த செம்மை, இரும்புத் துருவேறிய தூசியின் நிறம். தரை முழுவதும் படர்ந்திருந்தாலும் ஆழம் இல்லாதது. அடியில் பசால்ட் என்ற எரிமலைப் பாறையும் அது கரைந்து படிந்த களிப்பாறையும் சாம்பல் நிறத்தோடு கிடக்கின்றன. அந்தச் சாம்பல் பொடியில் களிமண் கனிமங்கள் இருந்தன. புளிப்போ கடும் உப்போ இல்லாத ஏரி நீரில் படிந்த சேறு என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

செவ்வாயில் ஓடிய நீர் எல்லாம் இப்படி அடக்கமாக ஓடவில்லை. வேலூர் மாவட்டத்துக்காரர்கள் 2021 நவம்பரை மறந்திருக்க மாட்டார்கள். மணலாகக் கிடந்த பாலாறு இரு கரையும் நிரம்பிப் புரண்டது. அதற்கு முன் 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியில் உயிர்களைக் கொண்டுபோனது. ஆண்டுக்கணக்கில் உறங்கும் ஆறு சில நாட்களில் நிலத்தின் உருவத்தை மாற்றிவிடும். செவ்வாயில் ஏரஸ், கஸெய் போன்ற பெருவாய்க்கால்கள் அப்படிப்பட்ட வெள்ளங்கள் வெட்டியவை, ஆனால் பல நூறு மடங்கு பெரியவை. அவை பல தொடங்கும் இடத்தில் மலையோ கிளையாறோ இல்லை; நிலம் நொறுங்கிச் சரிந்து கட்டி கட்டியாகக் கிடக்கும் குழம்பிய பரப்பு இருக்கிறது. உறைந்த மேல்மண்ணுக்கு அடியில் அடைபட்டிருந்த நிலத்தடி நீர் பீறிட்டு வெளியேற, மேலே இருந்த தரை அப்படியே உட்கார்ந்துவிட்டது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். 1976-ல் வைக்கிங் 1 கலமும் 1997-ல் பாத்ஃபைண்டர் கலமும் இந்த வெள்ளங்கள் வடக்குத் தாழ்நிலத்தில் போய்ச் சேரும் பகுதியில்தான் இறங்கின.

இந்தப் பழைய நிலத்தின்மேல் பிற்காலத்தில் எழுந்த மிகப் பெரிய வீக்கம் தார்சிஸ் மேட்டுநிலம். எரிமலைக் குழம்பு கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒரே பகுதியில் மேலேறியதால் உண்டானது. பூமியில் நிலத்தட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால் அடியிலிருக்கும் வெப்ப ஊற்றுக்கு மேலே எரிமலைகள் வரிசையாகப் பிறந்து அணைகின்றன. ஹவாய்த் தீவுகள் அப்படி வந்தவை. செவ்வாயில் தட்டு நகரவில்லை. எனவே ஒரே எரிமலை வளர்ந்துகொண்டே போனது. ஒலிம்பஸ் மலையின் உயரம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர், அடிவாரத்தின் விட்டம் 600 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலையில் போகும் தொலைவு. இரண்டு தமிழ்நாடுகளை அதன் அடிவாரத்தில் வைத்துவிடலாம். ஆனால் சரிவு சராசரியாக ஐந்து டிகிரிதான். ஏலகிரி வளைவுகளில் பஸ் ஏறும்போது தெரிகிற செங்குத்து அங்கே ஓரத்துப் பாறைச்சுவர்களில் மட்டுமே உண்டு. மலையில் நிற்பவருக்கு மலையின் விளிம்பு தொடுவானத்துக்கு அப்பால் மறைந்துவிடும். ஏதோ ஒரு சாய்வான சமவெளியில் நிற்பதாகவே தோன்றும்.

தார்சிஸின் பாரம் கிரகத்தின் மேலோட்டையே இழுத்துப் பிளந்தது. கிழக்கே 4,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் ஏழு கிலோமீட்டர் ஆழத்துக்குக் கிடக்கும் மாரினர் பள்ளத்தாக்குகள் அந்த இழுவையில் தொடங்கியவை. பிறகு நிலச்சரிவும் நீரும் பனியும் அவற்றை அகலப்படுத்தின. 1971-ல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மாரினர் 9 கலம் அங்கே போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. புழுதி அடங்க அடங்க முதலில் தலைகாட்டியவை தார்சிஸ் எரிமலைகளின் உச்சிகள். அதன் பிறகே இந்தப் பிளவு தெரிந்தது. நம் மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-ல் சுற்றுப்பாதையில் நுழைந்து, நீண்ட பாதையின் தொலைமுனையிலிருந்து, எழுபதாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நின்று முழு வட்டமாகச் செவ்வாயைப் படமெடுத்தது. உலகமே பாராட்டிய படங்கள் அவை. எனக்கு அவற்றில் பிடித்தது, துருவப் பனியும் புழுதி மேகமும் கருநிற பசால்ட் நிலமும் ஒரே பார்வையில் கிடைப்பது.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் போதும். காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. திறந்த வெளியில் நீர் நீராக நிற்காது. உறையும், அல்லது ஆவியாகும். குளிர்காலத்தில் துருவங்களில் கரியமில வாயுவே உறைந்து தரையில் படிகிறது. காற்றின் நான்கில் ஒரு பங்கு அளவு இப்படி ஆண்டுதோறும் இறங்கி ஏறுகிறது. நீரோ பனியாக மண்ணுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. 2008-ல் வடதுருவத்துக்கு அருகே இறங்கிய பீனிக்ஸ் கலம் சில சென்டிமீட்டர் மண்ணைச் சுரண்டியதும் வெள்ளைப் பரப்பு தெரிந்தது. குழியின் ஓரத்தில் தாயக்கட்டை அளவுக்கு விழுந்து கிடந்த வெள்ளைத் துண்டுகள் நான்கு நாட்களில் காணாமல் போயின. உப்பாக இருந்தால் அங்கேயே கிடந்திருக்கும். போனதனாலேயே அது பனி என்று உறுதியானது.

செவ்வாய் முழுவதும் அடங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2018 நவம்பரில் எலிசியம் சமவெளியில் இறங்கிய இன்சைட் கலம் தரையில் நில அதிர்வுமானியை வைத்துக் காது கொடுத்துக் கேட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின; 2022 மே 4-ல் வந்தது 4.7 ரிக்டர் அளவுக்கு நிகரானது. குறிப்பிடத்தக்க பல அதிர்வுகள் செர்பரஸ் பிளவுகள் என்ற பகுதியிலிருந்து வந்தன. அங்கே ஓர் எரிமலைச் சாம்பல் படிவு சில பத்தாயிரம் ஆண்டுகளே பழையது என்று மதிப்பிடுகிறார்கள். நம் மலைகளின் கணக்கில் அது நேற்று இரவு.

கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் இரண்டு கற்களை நினைத்துக்கொள்ளலாம். ஒன்று, செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை மேல் கிடக்கும் கல். அது சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் பாறையின் உறவு; புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னாக்கின் பெயரையே அந்தப் பாறை வகைக்கு வைத்தார். எங்கள் மலைக் கல்லுக்கும் அதே பெயர்தான். மற்றொன்று 1865 ஆகஸ்ட் 25-ல் பீகாரின் ஷெர்காட்டியில் வானத்திலிருந்து விழுந்த கல். அதன் பெரும்பகுதி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. விழுந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான் அது செவ்வாயின் பசால்ட் என்பது தெளிவாயிற்று. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு விண்கல்லின் கண்ணாடித் துளிகளில் அடைபட்டிருந்த வாயு, வைக்கிங் அளந்த செவ்வாய்க் காற்றோடு ஒத்துப்போனதே அதற்குப் பெரிய சான்று. உலகெங்கும் அந்த வகைக் கற்களுக்கு இன்று நம் ஷெர்காட்டியின் பெயர்தான்.

ஆனால் இந்த விண்கற்களில் ஒரு குறை. செவ்வாயில் எந்த மேட்டிலிருந்து, எந்தப் பள்ளத்திலிருந்து கிளம்பி வந்தவை என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. கல்லின் வயது தெரியும். அது கிடந்த தரை தெரியாது. நான் மேலே சொன்ன இரவல் அளவுகோலைச் சரிபார்க்க இரண்டும் சேர்ந்து வேண்டும். கியூரியாசிட்டி தன் வயிற்றில் இருந்த கருவியைக் கொண்டே ஒரு களிப்பாறையின் வயதைக் கணித்துக் காட்டியது. வந்த விடை 421 கோடி ஆண்டு, கூடக்குறைய 35 கோடி. அதுவும் ஏரியில் படிந்த வண்டலுக்குள் இருந்த பழைய துகள்களின் வயதே தவிர ஏரியின் வயது அல்ல.

2021 பிப்ரவரியில் ஜெஸெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, அந்த ஆண்டு செப்டம்பரில் எடுத்த முதல் பாறைத் துண்டு எரிமலைப் பாறை. பள்ளத்தின் தரையிலிருந்தே எடுத்தது. அந்தத் தரையின் பள்ளக் கணக்கும் நம்மிடம் இருக்கிறது. இப்போது எல்லோருடைய கண்ணும் அதே ஊர்தி 2024-ல் புள்ளிகள் நிறைந்த ஒரு பாறையிலிருந்து எடுத்த துண்டின் மேல் இருக்கிறது. பழங்கால நுண்ணுயிரின் தடமாக அது இருக்கக்கூடும் என்பதால் அந்த ஆர்வம் நியாயமானதே. எனக்கும் அந்த ஆவல் உண்டு. இந்தத் துண்டுகளை அடைத்துவைத்த குழாய்களைப் பூமிக்குக் கொண்டுவரும் அமெரிக்கத் திட்டமோ செலவுக் கணக்கில் சிக்கிக்கொண்டது. சீனா 2028 வாக்கில் தன் கலத்தை அனுப்பி வேறோர் இடத்திலிருந்து கற்களைக் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது. யார் கொண்டுவந்தாலும் சரி, எந்தக் குழாயை முதலில் திறக்கலாம் என்று என்னைக் கேட்டால், அந்தச் சாதாரண எரிமலைக் கல் இருக்கும் குழாயைத்தான் சொல்வேன். அதன் வயது ஒன்று சரியாகத் தெரிந்துவிட்டால் ஹெல்லாஸ் எப்போது விழுந்தது, கேல் ஓடை எப்போது வற்றியது, தார்சிஸ் எப்போது எழுந்தது என்று இதுவரை நாம் போட்டுவைத்த தேதிகள் எல்லாம் ஒரே நாளில் முன்னேயோ பின்னேயோ நகர வேண்டியிருக்கும். சில தேதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் நகரலாம்.